ரிமோட் சொன்னதை மட்டும் கேட்ட ரயில்

நாள் 41. 16:10

இதைக் கண்டெடுப்பவருக்கு நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் வடிவு. சான்றிதழில் சுடலைவடிவு. நிலவின் தென்முனைக் குடியிருப்பில் விளையாட்டுக் கருவிப் பொறியாளர். இங்கே பெரியவர்கள் பதினெட்டுப் பேர், குழந்தைகள் ஐந்து பேர். குழந்தைகளின் மாதிரி ரயிலை ஓட்ட ரிமோட் நல்லதா, செல்போன் ஆப் நல்லதா என்று சோதிப்பது வேலை. ரிமோட் நான் செய்தது. ஆப் மிருதுளா செய்தது.

இன்று பதினொன்றாவது சோதனை. ரயில் மேற்கு அறையில் புறப்பட்டு, சிறு பொருட்களை அனுப்பும் குழாய்க்குள் அறுபத்திரண்டு மீட்டர் ஓடி, கிழக்கு அறைக்கு வந்தது. குழாயில் ஆள் புக முடியாது. இரு முனைகளிலும் காற்றுப் புகாத பெட்டிக் கதவுகள்.

ரிமோட்: பொத்தானை அழுத்தி 0.2 விநாடியில் ரயில் அசைகிறது. இருபது மீட்டர் வரைதான் எட்டும். குழந்தை குழாயை ஒட்டிய நடைபாதையில் ரயிலோடு கூடவே ஓட வேண்டும்.

ஆப்: 0.9 விநாடி. குடியிருப்பின் வலையமைப்பு வழியாகப் போவதால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓட்டலாம்.

பார்வை: ரிமோட் பிடித்த குழந்தை ரயிலைப் பார்க்கிறது. ஆப் பிடித்த குழந்தை திரையைப் பார்க்கிறது. நாற்பது முறை எண்ணினேன். முப்பத்தொரு முறை இப்படித்தான்.

விருப்பம்: ஆப் நான்கு பேர். ரிமோட் ஒருவர். அந்த ஒருவர் ஜெனிலா, வயது ஏழு. மற்ற நால்வரிடம் காரணம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நாள் 44. 11:30

காரணம் தெரிந்துவிட்டது. ஆப் பேசுகிறது. ரயில் கிளம்பும்போது நிலைய அறிவிப்பு வருகிறது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தமீம் அவர்கள் ஓட்டும் விரைவு ரயில் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." மிருதுளாவின் குரல். ஐந்து பெயர்களுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறாள். என் ரிமோட்டில் மூன்று பொத்தான்கள். போ, நில், திரும்பு.

உள்ளிணைப்பு வானொலியில் இன்று காதில் விழுந்தது:

"மிருதுக்கா, டீச்சரோட ரிமோட் இருக்குல்ல, அது ஏசி ரிமோட் மாதிரியே இருக்கு. அமுக்குனா ரயில் குளிருமா?"

"டேய் தமீம், டீச்சர் காதுல விழும்டா."

தப்பு என்று அவள் சொல்லவில்லை. காதில் விழும் என்றுதான் சொன்னாள். சொல்லும்போதே சிரித்தாள்.

நான் டீச்சர் இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் அக்கா, நான் டீச்சர். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர்கள் பிரித்துக்கொண்டார்கள்.

மிருதுளாவின் வீட்டில் மூன்று தலைமுறையாகப் படித்தவர்கள். அவள் வாயைத் திறந்தால் வாக்கியம் முழுதாக வந்து விழும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கினேன், பேச்சு வாங்கவில்லை. எனக்கு முதல் சொல் கிடைப்பதற்குள் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். பேச வேண்டாத பொருள் ஒன்றைச் செய்யலாம் என்றுதான் பொத்தான்கள் செய்யக் கற்றேன்.

தொழில்நுட்பக் குறிப்பு ஏதும் இல்லை.

நாள் 47. 14:00

பூமியிலிருந்து தேர்வுக் குழுவின் செய்தி. நாளை அவர்கள் நேரலையில் பார்ப்பார்கள். ரிமோட், ஆப் இரண்டில் ஒன்று பதினோரு குடியிருப்புகளின் குழந்தைகளுக்கும் போகும். அதைச் செய்தவர் இங்கே இரண்டு ஆண்டுகள் இருந்து நடத்துவார். மற்றவர் அடுத்த கப்பலில் ஊருக்கு.

14:40

எஞ்சினுக்குள் இருக்கும் வாங்கிப் பலகை என் பொறுப்பு. ரிமோட் சொல்வதையும் ஆப் சொல்வதையும் வாங்கி மோட்டாருக்குச் சொல்வது அதுதான். அதில் நான்கு வரிகள் சேர்த்தேன்.

ரிமோட் ஒருமுறை பேசிவிட்டால் பிறகு ஆப் சொல்வதைக் கேட்காதே. ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் நில். எஞ்சினை அணைத்துப் போட்டாலும் இதை மறக்காதே. கம்பி செருகினால் ஒழிய யாரும் இதைத் திருத்த விடாதே.

பாதுகாப்புக்காக என்று திருத்தப் பட்டியலில் எழுதப் போனேன். பிறகு பட்டியலில் எதுவுமே எழுதவில்லை.

நாள் 48. 12:15

நேரலை முடிந்தது. முதலில் ஆப். நன்றாக ஓடியது. அடுத்து ரிமோட். நன்றாக ஓடியது. மறுபடி ஆப். தமீம் விரலால் திரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ரயில் அசையவில்லை. "தமீம் அவர்கள் ஓட்டும் விரைவு ரயில் புறப்படும்" என்று அவள் குரல் மட்டும் மூன்று தடவை வந்தது. குழுவில் ஒருவர் சிரித்தது பூமியிலிருந்து கேட்டது.

குழந்தைகள் என்னிடம் வருவார்கள் என்று நினைத்தேன். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் மிருதுளாவைச் சுற்றி உட்கார்ந்து அவளைத் தேற்றினார்கள். தமீம் தன் பங்கு கடலை மிட்டாயை அவள் மடியில் வைத்தான்.

நாள் 49. 09:50

"வடிவு, ஒரு நிமிஷம் பாக்கறீங்களா? மூணு மணி நேரமா தேடறேன். என் பக்கம்தான் ஏதோ தப்பு. உங்க போர்டு சரியாத்தான் இருக்கு, அது எனக்குத் தெரியும்."

பார்த்தேன். அவள் எழுதிய நிரல் எவ்வளவு சுத்தம் என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன். நன்றி சொன்னாள்.

நாள் 52. 13:05

நில அதிர்வு. நாற்பது விநாடி. நடைபாதையின் கூரை சரிந்து பாறை அடைத்துவிட்டது. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன.

13:12

மேற்கு அறையில் மிருதுளாவும் ஜெனிலாவும் மட்டும். ஜெனிலா கையில் என் ரிமோட். சுவரில் மயிரிழை விரிசல். காற்று கசிகிறது. அவர்களிடம் ஆக்சிஜன் முகமூடி ஒன்றுதான். அதை ஜெனிலாவுக்கு மாட்டிவிட்டாள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து மீட்பு வண்டி வர மூன்று மணி நேரம். மிருதுளாவுக்கு அவ்வளவு நேரம் இல்லை. மேற்கு அறையில் ஆக்சிஜன் அளவு 20. இருக்க வேண்டியது 21.

கிழக்கு அறையில் நான் தனியாக. என்னிடம் முகமூடியும் சிலிண்டரும் இருக்கின்றன. குழாய் உடையவில்லை.

13:20

தலைவர் ஜமால், கட்டுப்பாட்டு அறையிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும் அலைவரிசையில்:

"மிருதுளாம்மா, ரயில் உன் பக்கம்தானே நிக்கிது? வெறும் ரயிலா கிழக்குப் பக்கம் அனுப்பு. வடிவு முகமூடிய ஏத்தித் திருப்பி அனுப்பும். குழாய்க்குள்ள காத்து இல்லன்னாலும் மோட்டாருக்கு என்ன."

"சரி சார். ஆப் திறந்துட்டேன்."

13:24

"சார், நகரல."

"திரும்ப அமுக்கு."

"அமுக்கிட்டேன். அன்னிக்கு மாதிரியே. சாரி சார், என் ஆப்தான்."

"வலையமைப்பு அறுந்திருக்கும்மா. நாங்க பாக்குறோம்."

வலையமைப்பு அறுந்திருக்கவில்லை. என் திரையில் பச்சையாக இருந்தது. அளவு 18.

13:27

சொல்ல வேண்டும். அலைவரிசையில் பதினெட்டுப் பேர். பூமியும் கேட்கிறது.

13:31

வானொலியின் பேசும் பொத்தானை அழுத்தினேன். விட்டுவிட்டேன். அளவு 17.

13:35

"ஜெனிலா ரிமோட்ல ஓட்டட்டும்" என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

பதினோரு நிமிடங்கள். நான் எண்ணாமலிருக்கலாம். எண்ணுவது என் பழக்கம்.

13:38

ரயில் குழாய்க்குள் வந்தது. இருபது மீட்டரில் ரிமோட்டின் எட்டம் முடிந்தது. சிக்னல் அறுந்தது. நின்றுவிட்டது. நான் நிற்கச் சொல்லி எழுதியிருந்தேன்.

இங்கிருந்து அது நாற்பத்திரண்டு மீட்டர். என் கையில் இருக்கும் மாற்று ரிமோட்டும் இருபதுதான் எட்டும். நடைபாதை வழியாகப் போய் ஓட்ட வழியில்லை. பாறை.

13:40

மாற்று ரிமோட்டைப் பிரித்தேன். மூன்று பேட்டரிகளைத் தொடராக இணைக்கிறேன். ஆன்டெனாவுக்குச் செம்புக் கம்பி. பற்றவைப்பு இரண்டு முறை விட்டுப்போனது.

13:58

"டீச்சர், அக்கா தப்புத் தப்பாட்டு பேசுகாவ. என்னைய மிருதுளான்னு விளிக்காவ."

"ஜெனி, சும்மா இரு. டீச்சர் வேல பாக்கறாங்க. வடிவு, நீங்க... அவசரமில்ல. நிதானமா... அது... என்ன சொல்ல வந்தேன்."

அளவு 13.

14:09

முப்பது மீட்டர் எட்டுகிறது. போதாது. இன்னும் இரண்டு பேட்டரிகள். கைவிளக்கிலிருந்து எடுத்தேன். கம்பியைப் பெட்டிக் கதவின் இரும்புச் சட்டத்தில் கட்டினேன்.

14:19

எட்டிவிட்டது. எஞ்சினின் விளக்கு குழாய்க்குள் தெரிந்தது. தலைவர் அழுவது அலைவரிசையில் கேட்டது. "நல்லா இரு தாயி. உன் ரிமோட்டு தெய்வம்."

14:22

ரயில் கிழக்கில். கம்பி செருகினேன். நான்கு வரிகளையும் அழித்தேன். எதற்காக முழுவதும் அழித்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. முகமூடியையும் சிலிண்டரையும் ரயில் பெட்டியில் கட்டினேன்.

14:31

என் செல்போனில் அவள் ஆப்பை முதல் முறையாகத் திறந்தேன். வேகத்தைக் கூட்டினேன். 0.9 விநாடி. பிறகு அறுபத்திரண்டு மீட்டரும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. இத்தனை நன்றாக ஓடும் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். என்னைச் சுற்றி யாரும் இல்லை.

14:33

மேற்கில் பெட்டிக் கதவு திறந்தது. அளவு 9.

"அக்கா ஒறங்குகாவ டீச்சர். எழுப்பினா எழும்ப மாட்டேங்காவ."

"ஜெனிலா, ரயில்ல இருக்க முகமூடிய எடு. அக்கா மூக்கையும் வாயையும் மூடுற மாதிரி வையி. பட்டைய காதுக்குப் பின்னால விடு. இப்பம் சிலிண்டர் தலைய இடப்பக்கமாத் திருகு."

"எந்தப் பக்கம் இடப்பக்கம்?"

"நீ சாப்பிடாத கை."

"ம். உஸ்ஸுன்னு வருது."

நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுவே முதல் தடவை.

16:20

மீட்பு வண்டி மேற்குச் சுவர்ப் பக்கமிருந்து உள்ளே வந்தது. இருவருக்கும் உயிர் இருக்கிறது.

நாள் 60. 10:05

தேர்வுக் குழுவின் செய்தி, எழுத்தில் உள்ளபடி: "அவசர நேரத்தில் ஆப் செயலிழந்ததையும் ரிமோட் இயங்கி உயிர் காத்ததையும் குழு கருத்தில் கொண்டது. பதினோரு குடியிருப்புகளுக்கும் ரிமோட் தேர்வு செய்யப்படுகிறது. பொறியாளர் சுடலைவடிவுக்கு வாழ்த்துகள்."

மருத்துவர் அறிக்கை, சுருக்கம்: மிருதுளாவின் வலது கை விரல்கள் இரண்டு மடங்கவில்லை. நடக்கிறாள். எல்லாம் புரிகிறது. பேச்சில் சொற்கள் கிடைப்பதில்லை. எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சீக்கிரம் ஆக்சிஜன் கிடைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

சீக்கிரம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு அரை மணி நேரம்" என்றார். 13:24க்கே ரயில் நகர்ந்திருந்தால் 13:40க்குள் முகமூடி போயிருக்கும். போனது 14:33க்கு. ஐம்பத்து மூன்று நிமிடங்கள்.

17:30

மருத்துவ அறையிலிருந்து உள்ளிணைப்பில் அழைத்தாள். ஒரு வாக்கியத்துக்கு நான்கு நிமிடங்கள் ஆயின.

"வடிவு... உங்க... அது, அமுக்கறது... அதான் என்னை... காப்... நன்றி. என்னோடது... தப்பு. நீங்க ஜெயிச்சது... எனக்கு... சந்தோஷம்."

பொய் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். குரலில் தெரிந்தது. தோற்றதிலும் அவள் என்னைவிட நல்லவளாக இருக்கிறாள். அதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான்கு வரிகள் இனி இந்தக் குறிப்பில் மட்டுமே இருக்கின்றன. நாளை பத்து மணிக்கு அவளை வழியனுப்ப எல்லோரும் கூடுகிறார்கள். அங்கே சொல்லப் போகிறேன். முதல் வாக்கியத்தைத் தாளில் எழுதிவைத்திருக்கிறேன்: "ஆப்பில் தவறு இல்லை, நான் நிறுத்திவைத்தேன்." படித்தால் போதும்.

நாள் 61. 10:50

சொல்லவில்லை.

தாள் கையில் இருந்தது. தலைவர் என்னைப் பேச அழைத்தார். எழுந்தேன். அதற்குள் மிருதுளா குழந்தைகளுக்கு ஏதோ சொல்ல முயன்றாள். "எல்லாரும்... ஒழுங்கா... அந்த... நீளமா... போகுமே..." என்று கையால் காட்டினாள். சொல் வரவில்லை. தமீம் பாம்பா என்றான். பல்லியா என்றாள் இன்னொருத்தி. ஜெனிலா, "அக்கா, டிரெயின்" என்றாள். "ஆங்" என்றாள் மிருதுளா. கூடம் முழுதும் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். இதை எழுதியாக வேண்டும். அவள் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டு நின்ற நேரத்தை எண்ணினேன். ஏழு விநாடி. எனக்கு வழக்கமாக ஆகும் நேரம் அவ்வளவுதான். இங்கே வந்த நாளிலிருந்து என் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது அந்த ஏழு விநாடியும் எரியவில்லை. குளிர்ந்து கிடந்தது. இனி இவளும்

தாளை மடித்து உட்கார்ந்துவிட்டேன். கப்பல் 11:00 மணிக்கு. குழந்தைகள் அவளோடு வாசல் வரை போகிறார்கள். தலைவர் மறுபடி என் பெயரைச் சொல்கிறார். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, எழுந்து நின்று வாயைத் திறந்தால்

10:53

இன்னும் ஏழு