வேகாத சோறும் நானும் கடைவாசலில்

நம்ம தாரேயின் அப்பாவுக்கு,

சோறு இல்லை. சூப்பும் கிம்ச்சி ஊறுகாயும் இருக்கின்றன, சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

வாங்கிய வாரமே மக்கர் பண்ணிய குக்கரைத் தூக்கிக்கொண்டு விற்ற அந்தப் பெரிய கடைக்கே போகிறேன். அன்று மாற்றித் தரக் கேட்டபோது, "ஆன்ட்டி, உங்களுக்குச் சோறாக்கத் தெரியலேன்னா குக்கர் என்ன பண்ணும்?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் இளித்தான். கட்டின புருஷன் நீங்களோ அவனிடமே குனிந்து, "தப்பு எங்களோடதுதான் சார்" என்றீர்கள்!

இன்று அங்கே புதுக் குக்கர் விற்பனை. வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் காலையில் இந்தக் குக்கரில் வைத்த அரைவேக்காட்டுச் சோற்றை ஆளுக்கொரு கரண்டி கொடுக்கப்போகிறேன். மாடிவீட்டு சுன்போக் அக்காவும் வருகிறாள். தெரு முழுக்கக் கேட்கும் அவள் தொண்டை உங்களுக்குத் தெரியுமே.

பி.கு.: சூப்பில் உப்பு இல்லை. மறக்கவில்லை, வேண்டுமென்றேதான்.

இன்னொன்று: என் பக்கத்தில் ஒரு முக்காலி காலியாக இருக்கும். கடை மூடுவதற்குள் வந்து உட்கார்ந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் நாளைக்கும் அதே சூப்புதான்.