இரண்டிலிருந்து எட்டு டிகிரி

நாள் 1. காலை 6.10. தூத்துக்குடியிலிருந்து 9 மைல்.
பாய்மரப் படகு 'அமலி'. ஆள்: நுண்ணுயிர் ஆய்வாளர் பிரிஜித்தா, தனியாக. சரக்கு: காய்ச்சல் தடுப்பு மருந்து, 212 குப்பி. போகுமிடம்: வெள்ளிமுனைத் தீவு, ஆறு நாள். டீசலைக் கண்ணால் பார்த்துப் பன்னிரண்டு வருடமாகிறது, காற்றுதான் கதி.

பழைய ஐஸ் பெட்டிக்குள் பேட்டரியில் ஓடும் கம்ப்ரசரைப் பொருத்தியது என் கொழுந்தன் அருளப்பன். மீன்படகுகளுக்கு ஐஸ் பெட்டி செய்கிறவன். குறை சொன்னால் மூன்று நாள் முகம் கொடுக்க மாட்டான். மருந்து இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். இப்போது 5. பேட்டரி 12.7 வோல்ட்.

நாள் 2. மாலை 4.00.
7 டிகிரி. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது. வானம் மூடிக் கிடப்பதால் சோலார் தகடு சும்மா கிடக்கிறது. பேட்டரி 12.1. குளிர்த் திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டேன்.

வானொலியில் தீவு மருத்துவர் தெய்வானை அக்கா. நேற்று மட்டும் ஏழு சாவு, எல்லாம் பத்து வயதுக்குள் என்றார். காய்ச்சல் இன்னும் தொடாத பிள்ளைகள் இருநூறு பேர். மருந்து அவர்களுக்குத்தான்.

நாள் 3. பகல் 11.30.
8 டிகிரி. 11.6 வோல்ட். தானியங்கிச் சுக்கானை நிறுத்திவிட்டேன். அந்த மின்சாரமும் பெட்டிக்கே. நேற்றிலிருந்து கண் மூடவில்லை. எரிச்சலாக வருகிறது.

நாள் 4. காலை 9.15.
கண்டுபிடித்துவிட்டேன். பெட்டியின் அடியில் விரல் நுழையும் ஓட்டை. ஐஸ் உருகிய தண்ணீர் வடியாவிட்டால் மீன் நாறிவிடும். அதனால் அருளப்பனுக்கு அந்த ஓட்டையை அடைக்கக் கை வராது. இங்கே அதன் வழியே வடிந்தது குளிர். பார்த்துச் சரி சொன்னவள் நான். நானும் மீன்காரர் வீட்டில் பிறந்தவள்தானே, எனக்கும் அது தப்பாகப் படவில்லை.

துணியும் மெழுகும் வைத்து அடைத்தேன். இன்னும் எட்டைத் தாண்டவில்லை. வெயிலும் வந்துவிட்டது. அப்பாடா. சுக்கானைக் கட்டிவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்கிறேன்.

நாள் 4. மாலை 6.40.
ஒன்பது மணி நேரம் தூங்கிவிட்டேன். பெட்டி மைனஸ் 6.

ஓட்டையை அடைத்தவள் குளிர்த் திருகைப் பழையபடி குறைத்து வைக்க மறந்துவிட்டேன். குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் உறைந்துவிட்டன. உறைந்த மருந்து செத்த மருந்து. உருகியபின் பார்த்தால் நல்லது போலவேதான் இருக்கும்.

பாவி. பாவி.

நாள் 5. காலை 7.00.
வானொலியில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். புதிதாகச் செய்ய எத்தனை நாள் என்று கேட்டார். நாற்பது என்றேன். பிறகு சொன்னார்:

"யார்ட்டயும் சொல்லாத பிரிஜித்தா. கொண்டு வா. மருந்து வருதுன்னுதான் சனம் இங்கயே கெடக்குது. இல்லன்னு தெரிஞ்சா வள்ளத்துல ஏறி தூத்துக்குடிக்கு வந்துரும், காய்ச்சலோட. அங்க எத்தன லட்சம் பேரு, நெனச்சுப் பாரு."

வானொலியை அணைத்தேன். சுக்கானைத் திருப்பவில்லை.

நாள் 6. காலை 8.20.
தீவு தெரிகிறது. குப்பிகளைக் கடலில் கொட்டலாம். மூன்று முறை பெட்டியைத் திறந்து மூடினேன். இதை எடுத்துப் படிப்பவர்களே, அந்தப் பிள்ளைகளுக்குப் போட்டது எதற்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான்

8.50.
துறையில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இப்போதே சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறார்கள். படகைக் கட்டக் கயிற்றை எறியச் சொல்கிறார்கள் பெரியவர்கள்.

கயிற்றை எறிந்துவிட்டேன்.