வில்லையில் இல்லாத தூசு

அண்ணே,

இன்று காலை திண்டிவனத்துக் கடைக்கு ஒருவர் வந்தார். "கண்ணாடியில கறை இருக்குது பாய், எவ்ளோ தொடைச்சும் போவல" என்று நீட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கறையே இல்லை. "மொதல்ல போயி கண்ணு டாக்டரப் பாருங்க, இன்னிக்கே போங்க!" என்று கத்திவிட்டேன். மனுஷன் மிரண்டுபோனார். அவர்மேல் எனக்கென்ன கோபம்? கோபமெல்லாம் என்மேல்தான். உங்கள்மேலும் கொஞ்சம்.

அப்போதெல்லாம் சாயங்காலம், நீங்கள் ஓட்டும் ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு நேராக என் மாடிக்கு வருவீர்கள். நோன்புப் பிறை பார்க்க ஆகுமென்று மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த மூன்று இன்ச் தொலைநோக்கி அங்கேதான் இருந்தது. சனியின் வளையத்தை முதன்முதலில் பார்த்த அன்று, "யாரோ ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்காங்க பாய்" என்று முன்பக்கக் கண்ணாடியைப் போய்ப் பார்த்தவர் நீங்கள். நிலாவின் பள்ளங்களை நோட்டில் பென்சிலால் வரைவீர்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஒருநாள், "ஐபீஸ்ல தூசு ஒட்டிக்கினு இருக்குது, எடது பக்கம் தெரியல" என்றீர்கள். ஐபீஸ், நாம் கண்ணை வைக்கும் சின்ன வில்லை. தூசு அதில் இருந்தால், அதைத் திருகும்போது தூசும் கூடவே சுற்ற வேண்டும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருகினேன்.

"இப்ப எங்க இருக்குது?"

"அங்கயேதான்."

பிறகு நான் பார்த்தேன். நிலா பளிச்சென்று இருந்தது. உங்களுக்குப் பல வருடமாகச் சுகர்.

"அண்ணே, இது கண்ணு..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் தலையைத் தூக்கவில்லை. "தூசுன்னே இருக்கட்டும் பாய். ஸ்கூல்காரங்க வேனப் புடுங்கிக்கினா வூட்ல அடுப்பு எரியாது."

கண்ணாடிக் கடைக்காரன் நான்! ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். சுத்தமாக இருந்த வில்லையை வாராவாரம் உங்கள் எதிரில் துடைத்தேன். "இப்ப பரவால்ல" என்பீர்கள். வேனில் ஏறும் பிள்ளைகளை நினைத்தால் சோறு இறங்காது. சொன்னால் நீங்கள் மாடிக்கு வருவதை நிறுத்திவிடுவீர்களோ என்ற பயமும் இருந்தது, மறைப்பானேன்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொழுது சாயும் நேரம், விக்கிரவாண்டியிலிருந்து பைக்கில் திரும்பும்போது, இடது ஓரம் நின்ற கரும்பு டிராக்டரில் மோதிவிட்டீர்கள். அதில் விளக்கு இல்லை என்றார்கள்.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணி கேட்டார். "அவருக்குக் கண்ணு நல்லாத்தானே பாய் இருந்துச்சு? கண்ணாடிக் கடை வெச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

"நல்லா இருந்துச்சு அண்ணி."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப அந்தப் பாவிதான் கொன்னுட்டான்" என்றார்.

நானும் தலையாட்டினேன், அண்ணே. அந்த டிராக்டர்காரன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் கடை வழியாகத்தான் கோர்ட்டுக்குப் போகிறான். அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.