அமல்ராஜ் பெயரை யார் படிக்கச் சொன்னது?

மரியே வாழ்க

ஆரணி
9.11.2025

அன்புள்ள டயானாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். மற்றபடி இது கோபத்தில் எழுதுகிற கடிதம். போனிலேயே திட்டியிருக்கலாம், ஆனால் வீடியோவில் உன் முகம் வந்ததும் கன்னம் வற்றிப் போயிருக்கிறதே என்று கவலை வந்து, திட்ட வந்ததே மறந்து போகிறது. மறக்காமல் ஆரம்பித்தாலும் நீ அம்மா ஒரு நிமிஷம், அம்மா ஒரு நிமிஷம் என்று குறுக்கே வருவாய். காகிதத்தில் குறுக்கே வர முடியாது. முழுசாகப் படி.

போன ஞாயிறு கல்லறைத் திருநாள். விடியற்காலையிலிருந்தே தூறல், அப்பாவுக்கு முழங்கால் வீக்கம், இருந்தாலும் பூசைக்குப் போனோம். வருஷா வருஷம் போல இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கோயில் உபதேசியார் ஆல்பின் படித்தார். நம் வீட்டிலிருந்து என் அப்பா, என் அம்மா, உன் பெரியப்பா என்று மூன்று பெயர்தான் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றும் வந்தன, சிலுவை போட்டுக்கொண்டேன். நாலாவதாகத் தா. அமல்ராஜ் என்றார். வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன், நம் கோயில் பங்கில் அமல்ராஜ் என்று நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் முன்னால் தா போட்டுக்கொள்கிறவன் ஒருத்தன்தான், அவன் என் வயிற்றில் பிறந்தவன், உன் அண்ணன். நான் எழுந்து நின்று, நிறுத்துங்க உபதேசியாரே, என் புள்ள காணாம போயிருக்கறான், சாவல என்று கத்திவிட்டேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. முப்பத்தாறு வருஷம் டீச்சராக இருந்து, கத்தாதீர்கள் என்று பிள்ளைகளை அதட்டியவள், பீடத்துப் படியேறி அந்த மனிதர் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கிக் கசக்கினேன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு மழையில் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் ஆல்பின் என் செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். டயானா பாப்பாதான் டீச்சர் வாட்ஸ்அப்ல பேர் அனுப்பிச்சுது, நான் இன்னா பண்றது என்று போனைக் காட்டினார். உன் படம், உன் கையால் அடித்த எழுத்து. அடுத்த நாள் எதிர்வீட்டுப் பச்சையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, எப்பக்கா சேதி வந்துச்சு, பாடி எங்க கெடைச்சுது என்று கேட்கிறாள். பாடியாம். அவளை வாசலோடு விரட்டிவிட்டேன். பிறகு மத்தியானம் நானே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன், அவள் மேல் என்ன தப்பு? அந்த மன்னிப்பையும் நீதான் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு சாயங்காலமே உனக்குப் போன் போட்டேனே, அப்போதாவது தப்புதாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னாயா? ஏழு வருஷம் தாண்டிடுச்சும்மா, சட்டமே ஆள் இல்லேன்னுதான் எடுத்துக்குது, அப்பாகிட்ட கேட்டுத்தான் செஞ்சேன் என்றாய். சரி. அதற்கு மேல் ஒன்று சொன்னாயே, அதைத்தான் இந்த ஒரு வாரமாக என்னால் விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. மே மாசம் நீ வந்திருந்தபோது சாப்பாட்டு அறைச் சுவரில் பெரிய தாளை ஒட்டி வைத்து எனக்குப் பாடம் நடத்தினாய், ஞாபகம் இருக்கிறதா? துருக்கி தேசத்து மண்ணிலிருந்து எடுத்த களிமண் பலகைகள், மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஹிட்டைட் மொழி, அதில் மெர் என்று ஒரு வினைச்சொல். அந்த மொழியில் அதற்குக் காணாமல் போவது, மறைந்து போவது என்று அர்த்தம். அதே வேர் லத்தீனில் மோரி, லித்துவேனிய மொழியில் மிர்தி, ஆர்மேனிய மொழியில் மெரானிம், சமஸ்கிருதத்தில் நாம் அன்றாடம் சொல்கிற மரணம். மற்ற இடத்தில் எல்லாம் சாவு, அங்கே மட்டும் காணாமல் போவது, ஏன் என்று தேடுவதுதான் உன் ஐந்து வருஷ வேலை என்றாய். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம். நாமும்தான் ஒருத்தர் செத்தால் தவறிட்டாருன்னு சொல்றோம், வழி தவறின மாதிரி, என்று நான் சொன்னதும் நீ துள்ளிக் குதித்து நோட்டில் எழுதிக்கொண்டாய். ஓர் அடிக்குறிப்பில் அம்மா பெயர் வரும் என்றாய். நான் தெரு முழுக்கப் பெருமை பேசினேன்.

அதே பாடத்தை ஞாயிற்றுக்கிழமை என் தலையிலேயே போடுகிறாய். மனுசங்க மொதல்ல காணோம்னுதாம்மா சொல்லிக்கினு இருந்தாங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மனசு ஒத்துக்கிச்சு, சொல்லும் மாறிடுச்சு, நாமளும் ஒத்துக்கணும்மா என்றாயே. அடியே, உன் ஆராய்ச்சிக்கு என் பிள்ளைதான் உதாரணமா? அந்தச் சொல்லின் கதையைப் பற்றி அறிஞர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், எது முந்தின அர்த்தம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீதான் சொன்னாய். செத்த மொழிக்கு அவ்வளவு பொறுமை, உயிரோடு இருக்கிற அம்மாவிடம் மட்டும் அவசரமா? ஒரு சொல்லுக்கு அர்த்தம் மாற ஆயிரக்கணக்கான வருஷம் ஆகியிருக்கும் என்றாயே, எனக்கு ஏழே முக்கால் வருஷம்தான் கொடுத்தாயா? பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மாசக்கணக்கில் வராவிட்டால்கூட வரவில்லை என்று குறிப்பேனே தவிர, கேட்காமல் பெயரை அடித்தவள் இல்லை நான். வீடு தேடிப் போவேன். பெரணமல்லூர் பக்கம் இருந்தபோது இரண்டு மைல் வரப்பில் நடந்துகூடப் போயிருக்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் போன அந்தத் திங்கட்கிழமை, சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்னால், கம்ப்யூட்டரில் சேலைப் பார்டருக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து அடுப்பங்கரைக்கு வந்து நின்றான். பேஜாரா கீதும்மா என்றான். என்னடா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது. காபியைக் குடிச்சுட்டு வேலையைப் பாருடா, எல்லாம் சரியாப் பூடும் என்றேன். குடித்தான். டம்ளரைக் கழுவி வைத்தான். சேத்துப்பட்டு வரைக்கும் போயிட்டு ஜல்தியா வந்துடறேம்மா என்றான். வண்டி மட்டும் சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டில் பூட்டியபடி கிடைத்தது. சண்டை இல்லை, ஒருத்தருக்கும் கடன் பாக்கி இல்லை, காதல் கீதல் எதுவும் இல்லை. முப்பது வயசுப் பிள்ளை அம்மாவிடம் வந்து சொன்னான், அம்மா கேட்கவில்லை. அவன் செத்துவிட்டான் என்று நான் ஒத்துக்கொண்டால், நான் அவனோடு கடைசியாகப் பேசியது அதுதான் என்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். அது என்னால் ஆகாது டயானா.

நான் ஒன்றும் தெரியாதவள் என்றும் நினைத்துவிடாதே. அடையாளம் தெரியாத உடம்பு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று போலீஸ் இதுவரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறது. மூன்று தடவையும் உன் அப்பா வெளியில் மரத்தடியில் நின்றுகொண்டார், நான்தான் உள்ளே போனேன். நான்தான் துணியை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் யார் பெற்ற பிள்ளையோ, என் பிள்ளை இல்லை. அவன் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்துக்காக ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். நீ இதில் ஒன்றைப் பார்த்திருக்கிறாயா? பார்க்காதவள் எந்தத் தைரியத்தில் பட்டியலில் பெயர் சேர்த்தாய்?

உன் அப்பாவை அன்றைக்கே ஒரு பிடி பிடிக்கலாம் என்று நின்றேன். ஆமா மேரி, நான்தான் சரின்னேன் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் அழ ஆரம்பித்துவிட்டார். ஏழே முக்கால் வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எத்தினி நாளைக்குத்தான் கேட்டைப் பூட்டாம படுக்கறது மேரி, பேரைப் படிச்சதும் பாரம் எறங்கினாப்ல இருந்துச்சு என்றார். அவருக்கு இறங்கியது. யார் தலையில் இறக்கி வைத்தார் என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் அழட்டும், அவருக்கு எழுபது வயசு ஆகிறது, சர்க்கரை வேறு முந்நூறைத் தொடுகிறது. அவர் மனசுக்குள் அவர் என்ன வேண்டுமானாலும் ஒத்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமையிலிருந்து அவர் கேட்டைப் பூட்டிவிட்டுப் படுக்கிறார். அவர் உள்ளே போனதும் நான் வந்து பூட்டைத் திறந்து வைக்கிறேன்.

இப்போது இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். ஜனவரியில் உன் ஆராய்ச்சியைப் புத்தகமாகக் கட்டி யுனிவர்சிட்டியில் கொடுக்கப் போவதாகச் சொல்லி அப்பா போனுக்கு முழுசையும் அனுப்பியிருந்தாய். நேற்றுதான் பிரித்தேன். முந்நூற்றுச் சொச்சம் பக்கம் ஜெர்மன், எனக்கு ஓர் எழுத்து தெரியாது. முதல் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு வரி தமிழில் போட்டிருக்கிறாய். என் அண்ணன் அமல்ராஜின் நினைவாக. அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீ அவன் மேல் வைத்திருக்கிற பாசம் எனக்குத் தெரியாதா, பிளஸ் டூ முடித்ததும் நீ மொழிதான் படிப்பேன் என்று நின்றபோது வீட்டில் உனக்காகப் பேசியவன் அவன் ஒருத்தன்தானே. அதனால்தான் சொல்கிறேன். அந்த நினைவாக என்ற வார்த்தையை எடு. அண்ணன் அமல்ராஜுக்கு என்று மட்டும் போடு. நீ மனசுக்குள் என்ன நினைத்துக்கொண்டு போடுகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். என்றைக்காவது அவன் வந்து, என் தங்கச்சி எழுதின புக்கு எங்கம்மா என்று கேட்டு வாங்கிப் பிரித்தால், முதல் பக்கத்திலேயே அவன் செத்துக் கிடக்கக் கூடாது.

மழைக்குப் பின்கட்டு ஒழுகுகிறது, ஆள் சொல்லியிருக்கிறேன், நீ அதற்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, ரொட்டியையே தின்று காலம் தள்ளாமல் வாரத்தில் நாலு நாளாவது சோறு வடி. கன்னம் வற்றித்தான் போயிருக்கிறது, நான் பார்த்தேன். தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், எடுத்த படிப்பு நல்லபடியாக முடியட்டும், என் கோபம் உன் மேல் ஒட்டாமல் போகட்டும். புத்தகம் வந்ததும் எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஒரு பிரதி அனுப்பு. இன்னொன்று தனியாக, மேலே அமல்ராஜ், ஆரணி என்று அவன் பெயருக்கே அனுப்பு. தபால்காரர் கேட்டால் நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிறேன்.

இன்னும் கோபத்தோடு,
உன் அண்ணனுக்கும் உனக்கும் அம்மா,
தா. சகாயமேரி