ஆமாங்கய்யா என்ற பதில்

12.11.1998, வியாழன்

எரியோட்டு மாரியப்பனுக்கு இன்று கோர்ட்டில் ஆறு மாதம் சிறை. கிணற்று மோட்டாரைத் திருடியதாக வழக்கு. அவர் வக்கீல் வைக்கவில்லை. மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டை வாசிக்க வாசிக்க, கைகட்டி நின்று ஒவ்வொரு வரிக்கும் "ஆமாங்கய்யா" என்றார். "திருடியது உண்மையா?" என்ற கேள்விக்கும் அதே பதில்தான். ஒப்புக்கொண்டதாகப் பதிந்து தண்டனை சொல்லிவிட்டார்கள்.

வெளியே அவர் மனைவி என்னிடம் வந்தார். "யாரு பேசுனாலும் இந்த மனுசன் ஆமாம்பாரு சார். காதுல விழுதுன்னு அர்த்தம். எடுக்கலைன்னு பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனாரு."

பக்கத்தில் நின்ற வக்கீலிடம் அப்பீல் பற்றிக் கேட்டேன்.

"ஒத்துக்கிட்டவனுக்கு ஏதுண்ணே அப்பீல்? தண்டனையைக் குறைங்கன்னு வேணா கேக்கலாம். திருடலைன்னு இனி வாதாட முடியாது."

அந்த ஆமாங்கய்யாவைக் கிராமத்து ஆட்களிடம் இத்தனை வருடமாகக் கேட்கிறேன். பேட்டி எடுக்கும்போது ஒருநாளும் அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டதில்லை. இன்று மூன்றாம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். நிருபர் எழுந்து பேசக்கூடாது, சரி. ஒரு வக்கீல் காதிலாவது போட்டிருக்கலாம்.

மாலையில் செய்தி அனுப்பினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றுதான் எழுதினேன். பதிவில் இருப்பது அதுதான். விடிந்ததும் எரியோட்டில் யாராவது அதை அந்தம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார்கள்.