கேரவனுக்கு எஃப்.சி.

பங்குனி 3, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். கேரவனின் பின்பக்கமும் இடது பக்கமும் பாலிஷ் முடிந்தது. வலது பக்கம் பாதி. பஃபிங் மெஷின் சூடாகி நின்று நின்று ஓடுகிறது, என்னைப் போல.

வாங்க வேண்டியது: பாலிஷ் கட்டி, பல்பு, மோர் மிளகாய். பழைய வேட்டித் துணி பீரோவிலேயே இருக்கிறது.

மருத்துவ முகாமுக்கு ஓடிய பழைய வண்டி, ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ரகம். அலுமினியத் தகடு வெளுத்துப்போய்க் கிடந்ததை வாங்கினேன். உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு. ஜன்னல் ஓரம் செல்விக்கு. பஸ் டிப்போவில் தகடு அடித்தே ரிட்டயர் ஆன கை, சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. இப்போது தகட்டில் முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம். இன்று பண்ணியும் பார்த்தேன்.

செல்வி போன். மருமகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று பூனாவுக்கு மகன் வீட்டுக்குப் போனவள். அந்தக் குழந்தைக்கு இப்போது எல்.கே.ஜி. பரீட்சையாம்.

"லீவு விட்டதும் வண்டியோட வர்றேன். நாம ரெண்டு பேரும் ஒரு மாசம் சுத்தலாம்" என்றேன்.

"மொதல்ல அது ரோட்ல போகலாமானு கேளுங்க. எஃப்.சி. ஆகட்டும். அப்புறம் சொல்றேன்."

சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. இப்போதைக்கு அது போதும்.

பங்குனி 5, புதன்

தெரிந்தவரின் ஜீப்பை இரவல் வாங்கி, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இழுத்துப் போனேன். வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்பில் ஒரே கூட்டம். "எந்த நடிகர் உள்ள இருக்காரு?" நான் கையை வெளியே விட்டு ஆட்டினேன். பாவம், ஏமாந்து போனார்கள்.

இன்ஸ்பெக்டர் சின்ன வயசு. மரியாதையான ஆள். பிரேக் சரி, இண்டிகேட்டர் சரி, கொக்கி, சங்கிலி சரி. பின்னால் போய் நின்றவர் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா, பின்னாடி வர்றவனுக்கு வெயில் அப்படியே மூஞ்சில அடிக்கும். இத எப்படிங்க ரோட்ல விடறது?"

"பாலிஷ் போடக் கூடாதுனு சட்டம் இருக்குதுங்களா?"

"அடுத்தவனுக்குக் கண்ணு கூசக் கூடாதுல்ல? பின்பக்கம் மட்டும் மங்கலாக்குங்க. செவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிட்டு செவ்வாக்கெழம வாங்க."

மங்கலாக்குங்க! மாதக்கணக்காகத் தேய்த்தவனிடம். அவர் சொன்னது நியாயம். அதனால்தான் கோபம் ஜாஸ்தி.

பங்குனி 6, வியாழன்

உப்புத்தாள் வாங்கியாயிற்று. பின்பக்கத் தகட்டின் முன்னால் நின்றேன். கை வரவில்லை. காபி போட்டுக் குடித்துவிட்டு மறுபடி நின்றேன். ம்ஹூம். இதைத் தேய்க்கிற நேரம் மட்டும்தான் வீட்டில் ஆள் இல்லாதது உறைக்காமல் இருந்தது. சாயந்திரம் வரை வலது பக்கத்தையே தேய்த்தேன்.

ரசம் மிஞ்சிவிட்டது. ஒரு ஆளுக்கு ரசம் வைக்க இன்னும் கை பழகவில்லை.

பங்குனி 8, சனி. பௌர்ணமி

அடி அண்ணாமலை முழுக்க கிரிவலக் கூட்டம். வீடு பாதை ஓரம். வாசலில் வண்டி. போகிறவர்களுக்கெல்லாம் இலவசக் கண்ணாடி. தலை சீவினார்கள், விபூதியைச் சரி பண்ணினார்கள், பல் இடுக்கைப் பார்த்தார்கள். நான் உள்ளே கட்டிலில், ஜன்னலை மூடிக்கொண்டு.

"இந்தப் புடவ நல்லா இருக்குதா?" ஒரு பெண் குரல்.

"நல்லாத்தான் இருக்குது, நட." புருஷன் போல.

"பாக்காமலே சொல்றீங்க."

"இருபது வருஷமா பாத்துனுதான இருக்கறேன்."

சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்குப் பொறாமைதான், வேறென்ன. வெளியே வந்து வாசலில் நின்றேன். எல்லாரும் வண்டியைத்தான் பார்த்தார்கள்.

பங்குனி 9, ஞாயிறு

கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். சாப்பாடு நன்றாக இருந்தது. "அண்ணி வரலியா?" என்று கேட்காதவர் இல்லை.

திரும்பி வந்தால், பக்கத்து வீட்டுத் தனலட்சுமி உதவி செய்து வைத்திருக்கிறாள். நேற்றுக் கூட்டம் கை வைத்துப் பாழாக்கிய பின்பக்கத்தை, வெந்நீரில் சலவை சோடா கரைத்து நன்றாகத் தேய்த்திருக்கிறாள். அலுமினியத்துக்கும் சோடாவுக்கும் ஆகாது. தகடு முழுக்கச் சாம்பலாகக் கறுத்துக் கிடந்தது.

"எவர்சில்வர்னு நெனச்சிட்டேண்ணா. அண்ணி பார்த்தா என்ன சொல்வாங்க!" ஒரே அழுகை.

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. இன்ஸ்பெக்டர் கேட்டதே இதைத்தான் என்றேன். அவள் நம்பவில்லை. ஸ்டிக்கர் ஒட்டினேன்.

பங்குனி 11, செவ்வாய்

பாஸ்!

"இப்ப சரியா இருக்குதுங்க. என்ன போட்டீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். பக்கத்து வீட்டம்மா கைவண்ணம் என்றேன். வரும்போது ஜீப்பில் பாட்டு வேறு. மனசுக்குள் வழி போட்டாயிற்று. கிருஷ்ணகிரி, பெங்களூர், ஹூப்ளி, பூனா.

சாயந்திரம் செல்விக்குப் போன் போட்டேன். கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று குரலை இறக்கி, "பாஸ் ஆகல செல்வி" என்றேன். அடடா என்பாள், அப்போது உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம்.

"அப்பாடா" என்றாள்.

தானாக வந்துவிட்டது. அவளுக்கே திக்கென்றிருக்கும். உடனே, "இல்லீங்க, வெயில்ல அவ்ளோ தூரம் ஓட்டிட்டு வரணுமேனு கவலையா இருந்துச்சு. பாப்பாவும் என்ன விட்டு இருக்கமாட்டா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். சாப்டீங்களா?"

"ம்."

சாப்பிடவில்லை.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வருகிறேன் என்றிருப்பாள். அது எப்படிப்பட்ட வருகை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டேன்.

பங்குனி 12, புதன்

மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் இல்லை. தனலட்சுமி ஒரு குடம் கொண்டுவந்தாள். வண்டியைப் பார்க்கவே பயம் அவளுக்கு.

"என்னாச்சுண்ணா? என்னாலதான் வேணாம்னுட்டாங்களா?"

அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "பாஸ் ஆயிடுச்சும்மா. உன் சோடாவாலதான்."

குடத்தை இறக்கிவிட்டுக் கையைத் தட்டினாள். முகமெல்லாம் பல்.

"போன் போட்டுக் குடுங்கண்ணா. அண்ணிகிட்ட நானே சொல்றேன்."

போன் கையில்தான் இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சார்ஜ் இல்லை என்றேன்.