மூச்சைச் சோதிக்க ஆளில்லை

1937 ஜூன் 14, திங்கள்

கடிகாரம் பழுதுபார்க்கும் காசிம் நானாவை இன்று டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவருக்குத் தாடை வீங்கி, மூன்று பற்கள் விழுந்துவிட்டன. இருட்டில் ஒளிரும் எண்களை ரேடியம் பூச்சால் எழுதுபவர். தூரிகையை நாக்கில் வைத்துத்தான் கூராக்குவார். விழுங்கும் ரேடியம் எலும்பில் தங்கித் தாடையை அரிக்கும், அப்படித் தங்கியிருந்தால் மூச்சுக்காற்றே காட்டிக்கொடுக்கும் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த மருத்துவப் பத்திரிகையில் படித்திருந்தேன். மூச்சைச் சீசாவில் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பலாம் என்று டாக்டரிடம் கெஞ்சினேன்.

“மருந்து கலக்குறதுதான் ஒங்க வேலை. மிச்சப் பல்லையும் புடுங்கினா சரியாப் போயிரும்” என்று சிரித்தார் டாக்டர்.

நானாவும் சிரித்தார். “மூச்சுல என்ன தெரியப்போவுது தம்பி, வெத்தில வாசம்தான் வரும்.”

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு அவரைக் கடையில் விடப் போனேன். அங்கே அவர் மனைவி கடிகார முகத்தில் எண் எழுதிக்கொண்டிருந்தார்.

“அவங்களுக்கு வாய் நோவுது. அதான் நான் எழுதுறேன்” என்று சொல்லிக்கொண்டே தூரிகையை உதட்டில் வைத்தார்.

பிடுங்கி ஒடித்துவிட்டேன். இருவருக்கும் என்மேல் கோபம். “ஒங்களுக்கு என்ன பைத்தியமா?” என்று நானா கேட்டார். அவருக்குக் காட்ட என்னிடம் ஒரு சான்றும் இல்லை. நாளை அந்தம்மா வேறு தூரிகை வாங்கிவிடுவார்.